ஓசியில் வாங்கிய புகார்

மூன்றாவது முறையாகவும் மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை, கைப்பையைக்கூட இன்னும் மேசைமேல் வைக்கவில்லை, திரையில் அவள் பதிந்த புகாரின் கீழே அந்த வரி நின்றுகொண்டிருந்தது: 'எண் 1187. மூடப்பட்டது. காரணம்: நம் பயனர் யாரும் இப்படிப் புகார் செய்யவில்லை.' சின்னவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. பயனர் வந்து ஒப்பாரி வைத்தால்தான் அது பக், அதாவது கோளாறு, என்றால், டெஸ்டர் என்று ஒருத்தியை எதற்காக வேலைக்கு வைத்திருக்கிறார்கள்? திரையைத் துடைக்கவா?

வீட்டில் அவள் சின்னவள், அவளுடைய அக்கா பெரியவள். அலுவலகத்தில் அவளுக்கு வேறு பெயர்: ஓசிக்காரி. அந்தக் கம்பெனி செய்வது மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி. நேரம் வந்தால் நோயாளியின் போனில் மணி அடிக்கும். மாத்திரையை விழுங்கிவிட்டு 'எடுத்தேன்' என்பதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் டாக்டரின் திரையில் அந்தத் தேதி சிவப்பாகிவிடும். இதில் கோளாறு கண்டுபிடிப்பது சின்னவளின் வேலை. மற்ற டெஸ்டர்கள் அங்கே தொட்டு இங்கே தொட்டு, குத்துமதிப்பாகத் தேடுவார்கள். அவள் அப்படிச் செய்யமாட்டாள். ஊரில் உள்ள மற்ற செயலிகளின் புகார்ப் பக்கங்களை உட்கார்ந்து மேய்வாள். ரயில் நேரம் சொல்வது, நாய்க்கு ஊசித் தேதி சொல்வது, நடந்த தூரத்தை அளப்பது, எதையும் விடமாட்டாள். எவரோ எங்கேயோ வயிறெரிந்து எழுதிப்போட்ட புகாரை எடுத்து, அதே படிகளைத் தங்கள் செயலியில் செய்து பார்ப்பாள். செயலிகள்தான் வேறு, எழுதுகிற ஆட்கள் எல்லாம் ஒரே ரகம், ஒருத்தன் கோட்டை விட்ட இடத்தில்தான் அடுத்தவனும் கோட்டை விடுவான் என்பது அவள் கட்சி. பத்தில் மூன்று சிக்கும். நாய் ஊசிச் செயலியில் போனின் மொழியை மாற்றினால் தேதியும் மாதமும் இடம் மாறுகிறது என்று ஒருவர் புலம்பியிருந்தார். இங்கே செய்து பார்த்தால் இங்கேயும் அதே கூத்து.

"ஊரான் புகாரை ஓசியில வாங்கிட்டு வந்து நம்ம தலையில கட்டுறா" என்று முதலில் சொன்னவன், செயலியை எழுதுகிற சுருட்டை முடிக்கார டெவலப்பர். அன்றிலிருந்து அவள் ஓசிக்காரி, அவன் அவளுக்குச் சுருட்டை. கேலி எல்லாம் அவளுக்குப் பழகிப்போனதுதான். ஆனால் 1187 கேலி செய்கிற விஷயம் இல்லை. அதில் அவள் அக்காவின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

பெரியவளுக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை தவறாமல் போட்டால் அது இருக்கிற இடமே தெரியாது. ஒரு தையல் பட்டறையில் துணி வெட்டும் மெஷினில் ஒன்பது வருஷம் நின்றவள். இருபது அடுக்குத் துணியை ஒரு நூல் பிசகாமல் வெட்டுவாள். இராத்திரி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும் மாத்திரை, அதுதான் அவள் பழக்கம், அது தப்பியதே கிடையாது. போன வருஷம் டாக்டர் இந்தச் செயலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். காலை ஏழு, மாலை ஏழு, மணி அடித்ததும் போட்டால் போதும், வேறு எதையும் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்றார். தங்கச்சி கம்பெனி செயலி என்று பெரியவளுக்குப் பெருமை வேறு. நாலு மாதம் முன்பு பஸ் நிறுத்தத்தில் விழுந்தாள். நெற்றியில் ஆறு தையல். டாக்டர் தன் திரையைத் திறந்தார். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் பதினொரு மாலைகள் சிவப்பாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே வாசகம்: 'நினைவூட்டப்பட்டது. எடுத்துக்கொள்ளவில்லை.'

"மணி அடிக்கவே இல்ல டாக்டர்" என்று பெரியவள் தலையில் கட்டோடு சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சின்னவளும்தான். "அடிச்சிருக்கும்க்கா. பஸ் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது. சும்மா போன் மேல பழி போடாத" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் கேட்கக் கத்தினாள். பெரியவள் அன்று இரவிலிருந்தே மணியை நம்பாமல், பழையபடி தட்டைக் கழுவியதும் மாத்திரை போட ஆரம்பித்தாள்.

அசட்டையாக இருப்பவர்களை மெஷின் பக்கம் விட முடியாது, அடுத்த பரிசோதனையில் முடிவாக எழுதித் தருகிறேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை இடத்தை வைத்திருப்பதாகப் பட்டறை முதலாளி ஒத்துக்கொண்டார். அந்தப் பரிசோதனை இந்த வாரம் வியாழக்கிழமை. டாக்டர் கடிதத்தில் அசட்டை என்ற ஒரு வார்த்தை வந்தால் மெஷின் போனது போனதுதான்.

ஐந்து வாரம் முன்புதான் சின்னவள் அந்தப் புகாரைப் படித்தாள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவூட்டும் ஏதோ ஒரு செயலி. ஒரு நாற்றுப் பண்ணைக்காரர் எழுதியிருந்தார்: 'என் போனில் சார்ஜ் பதினைந்துக்குக் கீழே போனால் மணி அடிப்பதில்லை. சார்ஜ் போட்டதும், நீ தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டாய் என்று எழுதிக் காட்டுகிறது. நாற்பது நாற்று பட்டுப்போனது. அதுகூடப் பரவாயில்லை, மறந்தது நான் என்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.' கீழே யாரும் பதில் எழுதவில்லை. மூன்று வருஷமாக அந்தப் புகார் அநாதையாகக் கிடந்தது.

அக்காவிடம் இருப்பது சின்னவளே கழித்துக் கொடுத்த பழைய போன். காலையில் நிரப்பினால் சாயங்காலம் மூச்சு வாங்கும். அன்றைக்கே ஒரு பழைய போனை எடுத்து, படம் ஓடவிட்டு, சார்ஜைப் பதினாலுக்கு இறக்கி, மாத்திரை நேரம் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடிக்கவில்லை. சார்ஜரைச் செருகினாள். 'நினைவூட்டப்பட்டது. எடுத்துக்கொள்ளவில்லை' என்று அது கூசாமல் எழுதியது. போன் சக்தியைச் சேமிக்க எல்லாவற்றையும் தூங்க வைத்துவிடுகிறது. செயலியோ, மணியை அடிக்கச் சொல்லி போனிடம் ஒப்படைத்த உடனே அடித்ததாகவே எழுதிக்கொள்கிறது. அடித்ததா இல்லையா என்று திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அக்கா வீட்டுக்கு ஓடினாள். சொல்லி முடிக்கும்வரை பெரியவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"எவனோ செடி வளக்கிறவன் எழுதினா நம்புற. கூடப் பொறந்தவ வாயால சொன்னா நம்ப மாட்ட. அப்படித்தானே?"

"தப்புதான்க்கா."

"தப்புன்னு எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? டாக்டர்கிட்ட சொல்லு."

"நான் வெறும் வாயால சொன்னா, தங்கச்சி அக்காவுக்குப் பரிஞ்சு பேசுறான்னுதான் நினைப்பார். கம்பெனில இருந்தே அந்தச் சிவப்பை எடுக்க வைக்கிறேன். உன் பரிசோதனைக்குள்ள நடக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த வாக்குதான் இப்போது 1187 என்ற எண்ணோடு மூன்று தடவை மூடப்பட்டுக் கிடந்தது.

முதல் இரண்டு தடவை மூடியவன் சுருட்டை. 'என் போனில் அடிக்கிறது' என்று எழுதி மூடினான். அந்த அலுவலகத்தின் லட்சணம் அப்படி. பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவனோடு எழுந்து போய்ப் பேசமாட்டார்கள், திரையில்தான் சண்டை போடுவார்கள். திங்கட்கிழமை அவள் எழுந்து போனாள்.

"உன் போனைக் காட்டு."

"இதோ பாரு. டெஸ்ட் பண்றதுக்குன்னே வெச்சிருக்கேன். அம்பது தடவ பாத்துட்டேன். அம்பது தடவையும் அடிச்சுது. உன் ஓட்டப் போன்ல அடிக்கலன்னா அதுக்கு நானா பொறுப்பு?"

அவன் நீட்டிய போனிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போயிற்று. எழுதியதைப் போனுக்கு அனுப்ப வயர் வேண்டும், அதனால் அந்த வரிசையில் இருந்த எல்லா டெவலப்பர்களின் போனும் காலை முதல் மாலை வரை வயரிலேயே கிடக்கும். வயரிலேயே சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும். சின்னவள் அந்த வரிசையை ஒரு முறை பார்த்தாள். எட்டு மேசை, எட்டுப் போன், எல்லாம் நூறு சதவீதம்.

"இந்தப் போன் கடைசியா எப்ப பதினஞ்சுக்குக் கீழ போச்சு?"

சுருட்டை வயரைப் பார்த்தான்.

அவள் வயரைப் பிடுங்கினாள். சார்ஜ் குறைந்தால் தானாக வருகிற சேமிப்பைக் கையாலேயே போட்டு, பத்து நிமிஷம் கழித்து மாத்திரை நேரம் வைத்து, திரையை அணைத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்து மேசைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் ஆனது. பன்னிரண்டு ஆனது. போன் கம்மென்று கிடந்தது. வயரைத் திரும்பச் செருகியதும் அந்த வாசகம் வந்து நின்றது. சுருட்டையின் முகம் செத்துப்போயிற்று.

"நாங்க யாரும் வயரைக் கழட்டினதே இல்ல" என்றான் மெதுவாக. "நான் மூடினதா இருந்தா இப்பவே திறந்து விட்டுடுவேன். ஆனா மேனேஜர் மூடினதை நான் திறக்க முடியாது. பயனர் புகார் ஒண்ணாவது இருக்கணும்கிறது அவர் சட்டம்."

பயனர் புகார்தானே வேண்டும், தேடிவிடுவோம் என்று செவ்வாய்க்கிழமை கீழ்த்தளத்தில் இருந்த உதவி மையத்துக்கு இறங்கினாள். தலையில் ஹெட்போன் மாட்டிய பெண் ஒருத்தி எழுத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மணி அடிக்கலைன்னு யாராவது எழுதியிருக்காங்களா?"

"நல்லாக் கேட்டீங்க. அதுதானே தினமும் வருது."

"தினமுமா? எங்களுக்கு ஒண்ணுகூட வரலியே?"

"எப்படி வரும்? முன்னாடியெல்லாம், உங்க போனைச் சரிபாருங்கன்னு பதில் போட்டு முடிச்சிடுவோம். அஞ்சு வாரமா அந்த வேலையும் இல்ல. ஏற்கெனவே தெரிஞ்ச கோளாறுன்னா கம்ப்யூட்டரே அந்த நம்பரோட சேத்து மூடிடும். பயனருக்கும், இது எங்களுக்குத் தெரியும், கவனிச்சிட்டிருக்கோம்னு தானா பதில் போயிடும்." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அறுபத்திரண்டு புகார்கள். அறுபத்திரண்டிலும் ஒரே குறிப்பு: '1187-இல் ஏற்கெனவே உள்ளது. மூடப்பட்டது.'

சின்னவள் நாற்காலியை இழுத்துப்போட்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். பயனர் புகார் இல்லை என்று அவளுடைய எண்ணை மூடுகிறார்கள். அவளுடைய எண் இருக்கிறது என்று பயனர் புகாரை மூடுகிறார்கள். யாருடைய வாயையோ திறக்க அவள் எழுதியது அறுபத்திரண்டு பேர் வாயை அடைக்கப் போயிருக்கிறது. என்ன அக்கிரமம் இது! இதை ஒருவன் வேண்டுமென்று செய்திருந்தால்கூட அவன் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். இங்கே சட்டையைப் பிடிக்க ஆளே இல்லை, எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்கள்.

புதன்கிழமை அறுபத்திரண்டையும் அச்செடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். மேனேஜர் மோசமான ஆள் இல்லை. பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கேக் வாங்குகிறவர். தாள்களைப் பொறுமையாகப் புரட்டினார்.

"சரி, ஒத்துக்கறேன். அடுத்த வெளியீட்டுல சத்தமில்லாம சரி பண்ணிடலாம்."

"ஏற்கெனவே விழுந்த சிவப்பு, சார்?"

"அதைத் தொட வேண்டாம். தொட்டா, இத்தனை நாள் தப்பாக் காட்டினோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"தப்பாத்தானே சார் காட்டினோம்?"

"நீ ஏம்மா இதை இவ்வளவு சொந்த விஷயமா எடுத்துக்கற?"

"சொந்த விஷயம்தான் சார்!" அக்கா விழுந்ததையும் தையலையும் வியாழக்கிழமையையும் ஒரே மூச்சில் கொட்டினாள். மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்தார். பத்து நிமிஷம் தட்டி, ஒரு கடிதத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பெரியவளின் போனில் மட்டும் ஏற்பட்ட அரிதான கோளாறு என்றும், பதினொரு சிவப்பையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் அதில் இருந்தது.

"உங்க அக்காவுக்கு இது போதும். மத்ததைப் பத்தி நீ வெளியில வாயைத் திறக்கக் கூடாது. புரியுதா?"

வாங்கிக்கொண்டாள். பொய் சொல்வானேன், அந்த நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது. பஸ்ஸில் நாலு தடவை படித்தாள். நாலாவது தடவை 'மட்டும்' என்ற வார்த்தை கண்ணைக் குத்த ஆரம்பித்தது.

பெரியவள் அதை வாசலிலேயே நின்று படித்தாள்.

"என் போன்ல மட்டும்னு போட்டிருக்கே. நிஜமா?"

"இல்லக்கா. நிறையப் பேருக்கு."

"அப்ப இது பொய்."

"பொய்தான். ஆனா உனக்கு வேலை திரும்பக் கிடைக்கும்."

பெரியவள் கடிதத்தை மடித்துத் தங்கையின் கையிலேயே வைத்தாள். "நாலு மாசமா நிஜத்தைச் சொன்னவளை எல்லாரும் பொய்க்காரியாப் பாத்தீங்க. இப்ப நிஜமாவே ஒரு பொய்யை நான் கையோட கொண்டு போய்க் குடுக்கணுமா? மெஷின் எனக்கு வேணும்டி. ராத்திரியில கனவுலகூடத் துணிதான் வெட்டுறேன். ஆனா இதை வெச்சு எனக்கு வேண்டாம்."

வியாழக்கிழமை டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போதே சின்னவள் பழைய போனைப் பதினாலு சதவீதத்தில் வைத்து, பதினொன்றே காலுக்கு மாத்திரை நேரம் போட்டுவிட்டாள். உள்ளே போனதும் டாக்டர் வழக்கம்போலத் திரையைத் திறந்தார். சிவப்பு வரிசை தெரிந்தது. பேனாவை எடுத்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு நிமிஷம் இந்தப் போனைப் பாருங்க டாக்டர். நான் இந்தக் கம்பெனிலதான் வேலை பாக்கறேன். பதினொண்ணே காலுக்கு இது அடிக்கணும்."

டாக்டருக்கு நேரம் இல்லைதான். வெளியே இருபது பேர். ஆனாலும் பார்த்தார். சுவர்க் கடிகாரம் பதினொன்றே காலைத் தாண்டியது. பதினொன்று பதினேழு ஆனது. மூன்று பேரும் ஒரு செத்த போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் சுவரில் இருந்த பிளக்கில் சார்ஜரைச் செருகினாள். திரை விழித்துக்கொண்டு எழுதியது: 'நினைவூட்டப்பட்டது. எடுத்துக்கொள்ளவில்லை.'

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "சார்ஜ் குறைஞ்சா இப்படியா?"

"ஆமா டாக்டர். யாரோட போனா இருந்தாலும். இதைக் கம்பெனி எழுதிக் குடுக்காது. நான்தான் சொல்றேன். வேணும்னா என் பேரையும் வேலையையும் எழுதிக்கங்க." இதோடு தன் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

டாக்டர் பெரியவள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கே சொன்னீங்க. நான் கேக்கல. மன்னிச்சிடுங்கம்மா."

"என்னை விடுங்க டாக்டர், இவளே கேக்கல" என்றாள் பெரியவள். ஆனால் கண் நிறைந்துவிட்டது.

அவர் கடிதத்தை அங்கேயே எழுதினார். நோயாளி மருந்தில் கவனமானவர், மாத்திரை தவறியது கருவியின் கோளாறால், விழுந்ததிலிருந்து நாலு மாதம் வலிப்பு இல்லை, இன்னும் இரண்டு மாதம் இப்படியே இருந்தால் மெஷினில் நிற்கலாம், அதுவரை இடத்தை வைத்திருக்கவும். பெரியவள் அதை வாங்கி, மை காயட்டும் என்று விரித்த மாதிரியே பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் எழுந்தார்கள். டாக்டர் அவர்களைக் கவனிக்கவில்லை. திரையில் தன் நோயாளிகளின் பட்டியலை மேலிருந்து கீழே ஓடவிட்டுக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாகச் சிவப்பு, எல்லாம் சார்ஜ் இறங்குகிற சாயங்கால நேரத்துச் சிவப்பு. "இந்தச் சிவப்பைப் பாத்துப் பாத்து ஒரு வருஷமா எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். மேசைப் போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்தவர் வாத்தியார் போலிருக்கிறது, டாக்டர் அவரை அப்படித்தான் கூப்பிட்டார். இரண்டு பேர் குரலும் கதவருகே நின்றவர்களுக்கும் கேட்டது.

"வாத்தியாரே, உங்க மாத்திரைக் கணக்குல சிவப்பு விழுந்துச்சே, அது உங்க தப்பு இல்ல. போன் மணி அடிக்கல. நீங்க மறக்கல."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"மறக்கலியா? டாக்டர், எனக்கு மறதி நோய் வந்துடுச்சுன்னு நினைச்சில்ல வேலையையே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்? பாடம் நடத்தும்போது பாதியில மறந்துட்டா பிள்ளைங்க முன்னாடி அசிங்கமாயிடும்னு..."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். சின்னவள் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"உங்களுக்கு மறதி இல்ல" என்றார் டாக்டர்.

"இருங்க, இருங்க. ஸ்பீக்கர்ல போடறேன். வீட்டுல எல்லாரும் இருக்காங்க. இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க."

டாக்டர் எழுந்து நின்று, வெளியே காத்திருந்தவர்களும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.